கதவு நிலையில் இரண்டு துளைகள்

இன்று காலை வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், நிலையில் இருந்த இரண்டு ஆணித் துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதையும் பட்டி போட்டு அடைச்சிடவா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். பெயின்ட் மணம் மூக்கில் ஏற, "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உம்மைக் கேட்காமல் அந்தத் துளைகளை அடைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்த இடத்தில் இருந்த கதவுச் சங்கிலியைக் கழற்றச் சொன்னது நீர்தான், உம்முடைய இசை நாடகத்துக்காக. வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போக, ஒரு சின்ன ஊரில் ரயில் நின்றுவிடுகிறது. இறங்கிய அத்தனை பேரையும் அந்த ஊர் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறது. கதை அவ்வளவுதான். முதலாவது கதவைத் திறக்கிற வீட்டுக்காரி வேடத்தை எனக்குத் தந்தீர். "மேடைக் கதவுக்கு ஒரு சங்கிலி வேணும். கடையில வாங்க வேண்டாம், உம்மட வீட்டுச் சங்கிலியையே கொண்டு வாரும்" என்றீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்.

அந்தச் சங்கிலியை நீர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறீர். வெளியில் நின்று.

அது சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். நான் கலியாணம் முடித்து கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். நீர் ஏதோ விசா அலுவலாக வந்து பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தீர். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உடனே வெளிக்கிட வேண்டும், பொலிஸ் உத்தரவு என்று லொட்ஜ்காரர் சொல்லிவிட, பட்டப்பகலில் பையும் கையுமாக நேரே என் வீட்டுக்கு வந்தீர். சங்கிலியைக் கழற்றாமல் நாலு விரல் அளவுக்குத்தான் கதவைத் திறந்தேன். என் வாயில் முதலில் வந்தது, "ஐசி இருக்கோ?" கூடப் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் வணக்கத்துக்கு முதல் அதுதான் வரும்.

நீர் அடையாள அட்டையை இடுக்கால் நீட்டினீர். வாங்கிப் பார்த்தேன். உம்முடைய முகம்தான். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து வைத்திருந்தோம். அதில் இல்லாத ஆளை வைத்திருந்து பிடிபட்டால் எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம். "அவர் வேலையால வரட்டும், பின்னேரம் வாரும்" என்று அட்டையைத் திருப்பித் தந்தேன். பின்னேரம் நீர் வரவில்லை. அன்றைக்கு எங்கே போனீர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து, காலி வீதி பஸ் தரிப்பில் என்னைக் கண்டு நீரே வந்து கையைப் பிடித்தீர். அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

அதன் பிறகுதான் அந்த நாடகம். ஞாயிறு தோறும் ஒரு டியூஷன் நிலையத்தில் வகுப்பு முடிந்த பிறகு, வாங்குகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நான் கதவடியில் தயங்கினேன். கீபோர்டில் இருந்து கையை எடுக்காமலே, "என்னத்துக்கு நிக்கிறீர்? அவை நனையினம்" என்பீர். அந்த மத்தியானக் கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறீர், இத்தனை பேருக்கு முன்னால் சொல்லப்போகிறீர் என்று ஒவ்வொரு ஞாயிறும் பயந்தபடி காத்திருந்தேன். நீர் சொல்லவில்லை. எனக்கு உம்மேல் கோபம்கூட வந்தது.

நாடகத்தன்று கொட்டாஞ்சேனை மண்டபம் நிறைந்திருந்தது. பயணியாக நடித்தவர், துறைமுகத்தில் வேலை செய்கிற மனிதர், கதவைத் தட்டினார். "உள்ள வாங்கோ, நனையாதேங்கோ" என்பது என் வசனம். சங்கிலியோடு கதவை நாலு விரல் திறந்தேன்.

"ஐசி இருக்கோ?"

இளம் ஆட்கள் சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவரின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. "இருக்கு அம்மா, நனைஞ்சு போச்சு" என்று பயணி சமாளித்தார். எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. நீர் என்னையே பார்த்தபடி கீபோர்டில் ஒரே சுரத்தில் விரலை அழுத்திக்கொண்டிருந்தீர். கதவு திறக்கும்வரை நீர் பாட்டைத் தொடங்கப்போவதில்லை என்று விளங்கியது. சங்கிலி கைக்குள் வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது. அந்தச் சுரம் நிற்கவே இல்லை. ஒருவாறு கழற்றிக் கதவை அகலத் திறந்தேன். ஊரே சேர்ந்து பாடத் தொடங்கியது.

எல்லாம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்து, "பிழை விட்டிட்டன்" என்றேன். நீர் வயரைச் சுற்றிக்கொண்டே, "அண்டைக்கும் கேட்டனீர். நான் காட்டினனான்" என்றீர். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாய் திறப்பதற்குள், "தேத்தண்ணி குடிச்சனீரோ?" என்று உம்முடைய கோப்பையை என்னிடம் நீட்டினீர். சொல்ல வேண்டியதைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். பிறகு நீர் நோயில் விழ, ஆஸ்பத்திரியில் இரண்டு முறை உம்மைப் பார்த்தேன். தோடம்பழம் உரித்துத் தந்தேன், மழையைப் பற்றிக் கதைத்தேன். மூன்றாம் முறை வருவதற்குள் நீர் கண்ணை மூடிவிட்டீர்.

இப்போது சொல்கிறேன். அட்டையில் இருந்தது நீர்தான் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் திருப்பித் தந்தேன். காலத்தின் மேலும் பயத்தின் மேலும் பழியைப் போட்டுவிட்டுத் தப்ப மாட்டேன். கதவைச் சாத்தியது என்னுடைய கை. என்னை மன்னித்துக்கொள்ளும்.

பெயின்ட்காரரிடம் போய், "அதை அப்பிடியே விடுங்கோ" என்றேன். "பார்க்க நல்லா இருக்காதே அக்கா" என்றார். இருக்காதுதான். சங்கிலி, நாடகம் முடிந்து நீர் பையில் போட்டுத் தந்தபடியே மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மணி அடித்தால் என் வாய் இன்னமும் "ஆரது?" என்றுதான் கேட்கிறது, அந்தப் பழக்கம் என்னோடுதான் போகும். ஆனால் பதில் வருவதற்குள் என் கை தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறது.