தர்லோ நிற்கும் அந்தச் சுரம்

ஹார்லெம், நியூயார்க்
நவம்பர் 1944

அன்புத் தம்பி கார்னெலுக்கு,

அக்கா வில்லெட்டா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். போரில் அடிபட்ட உன் தாடையில் தையல் பிரித்துவிட்டதாக ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியிருந்தாள். கஞ்சியை விட்டு ரொட்டிக்கு வந்துவிட்டாயாமே! அந்த வரியை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

இந்தத் தாடையோடு இனி வாத்தியம் ஊத முடியாது, சங்கீதத்தைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நானும் குளிர், தேவாலயம், மாடிவீட்டுச் சண்டை என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று முடியவில்லை. கோபித்துக்கொள். கிழித்து மட்டும் போடாதே.

உன் சிநேகிதன் தர்லோவுக்கு நாட்டிய மண்டபத்து வேலை போய்விட்டது. அவன் டிரம்பெட்டை எடுத்தால் ஆடுகிறவர்களுக்குக் கால் பின்னுகிறதாம். "உன் டிரம்பெட்டுக்கு என்ன, விக்கலா?" என்று பேண்ட் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டாராம். "ஆமா சார், தண்ணி குடிச்சாலும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

இப்போது மத்தியானங்களில் நம் பியானோவைத் தேடி வருகிறான். கூடவே ஐசம் என்ற டிரம்ஸ்காரன். அவன் அம்மாவின் ரொட்டிப் பலகையில் தட்டுகிறான். இவர்கள் வாசிக்கும் புது மாதிரி ஜாஸைப் பீபாப் என்கிறார்கள். இசைத்தட்டு இருந்தால் உனக்கு அனுப்பியிருப்பேன். வாத்தியக்காரர் சங்கத்துக்கும் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் தகராறு; இரண்டு வருஷமாக அநேகமாக எதுவும் பதிவாகவில்லை.

முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அடுக்கிலிருந்து பாத்திரம் உருளுது" என்றாள் அம்மா. ஒருநாள் கீரை நறுக்கிக்கொண்டே கேட்டபோது என் இடது கை தானாக மேசையில் வாசிக்க ஆரம்பித்தது. கார்னெல், அது நாம் சின்ன வயதில் ஆடிய பழைய நடனப் பாட்டு! மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அடியில் இருந்த கட்டுமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் வேறு வீடு கட்டியிருக்கிறார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். தர்லோ சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா அக்கா? அப்ப கீரைய வச்சிட்டு வந்து உக்காரு."

போன ஞாயிறு அவர்கள் பியானோக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். என்னைக் கூப்பிட்டார்கள். "காலையில கர்த்தருக்கு வாசிச்ச, மத்தியானம் யாருக்குடி?" என்றாள் அம்மா. ஆனாலும் என் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அவர்கள் வாசிக்கும் கிளப்பில் யாரும் ஆடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். கூட வாசிக்க மேடை ஏறுகிறவர்களில் தெரியாதவர்கள் தாமாக இறங்கிப் போகட்டும் என்றே வேகமாக ஆரம்பிப்பார்களாம். இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. கடைசி அடி வரை வந்துவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பாட்டு எஃப் சுரத்தில் முடிகிறது. தர்லோ பி-யில் போய் நின்றுகொள்கிறான். முதல் தடவை கேட்டால் தப்பு என்றே தோன்றும். நாலு தடவை கேட்டபின் அது எப்போது வரும் என்று காத்திருக்கிறேன். அதன் அடியில் நான் என்ன வைப்பது? எஃப் வைத்தால் கடிக்கிறது. ஜி வைத்தால் பாட்டு வீட்டை விட்டே போய்விடுகிறது. பயந்து கையை எடுத்துவிட்டேன். அவன் சுரம் மட்டும் தனியாக நின்றது.

வெளியே வந்ததும், "அங்க என்னடா வாசிக்கணும்?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியலக்கா. கார்னெல் இருந்தா சட்டுனு சொல்லிருப்பான்" என்றான்.

உன்னைத் தேற்றுவதற்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வரும் ஞாயிறும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதன்பிறகும் கூப்பிடுவார்கள். நீ வாத்தியம் எதையும் கையில் எடுக்க வேண்டாம். படுத்தபடியே கண்ணை மூடி அந்த இடத்தைக் கேட்டுப் பார். என் இடது கைக்கு மூன்று சுரம் எழுதி அனுப்பு. வேறு ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும், தம்பி. நிறையச் சாப்பிடு.

உனக்காகக் காத்திருக்கும்
அக்கா வில்லெட்டா