வலப்பக்கத்து இளைப்பு

தென்காசி
22-8-1963

அன்பு மகன் ஞானசம்பந்தத்துக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம், இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வரியை நிஜமாகவே எழுதுகிறேன். நீ இருக்கிற அஸ்ஸாமில் வெள்ளம் என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, உடனே இரண்டு வரி போடு. உன் தங்கை சண்முகசுந்தரியின் மகள் குழல்வாய்மொழி ஆபரேஷன் முடிந்து மெட்ராஸிலிருந்து வந்து எட்டு நாளாகிறது. மூச்சுக்குழாய் வலது நுரையீரலுக்குப் பிரிகிற இடத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி இருந்திருக்கிறது. விளக்கு வைத்த குழாயைத் தொண்டை வழியே விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்படி வருவது அபூர்வமாம், அந்தப் பெரிய டாக்டரே தம் சர்வீஸில் பார்ப்பது இது மூன்றாவது தடவையாம். விலாவைத் திறந்து கட்டியையும் நுரையீரலில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள், பரவுகிற ஜாதி இல்லை, இனி பயமில்லை என்றார். நேற்று இலஞ்சி கோயிலை மூன்று சுற்று சுற்றினாள், பின்னால் போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஆஸ்துமா இல்லை, கட்டி என்று மெட்ராஸிலிருந்து நான் போட்ட கார்டுக்கு உன் பதில் கிடைத்தது. ஆஸ்துமா என்று எழுதிப் பிள்ளையின் இரண்டு வருஷத்தை வீணாக்கிவிட்டேன், இனி குழந்தைகளைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு அழுதேன் அய்யா. நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லுகிறேன். நம் பையனே டாக்டர் என்ற பெருமையில் ஆஸ்துமா என்று நீ எழுதிய பழைய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இங்குள்ள டாக்டர் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றபோது அதைத்தான் நீட்டி, வேண்டாம் என்றேன். மெட்ராஸிலும் நீட்டினேன். பெரிய டாக்டர் அதை வாங்காமல் சண்முகசுந்தரியைப் பார்த்து, சாரல் காலத்தில் இளைப்பு கூடுமா என்று கேட்டார். அவள், "சாரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல டாக்டர், சித்திரை வெயில்லயும் இதே விசில் சத்தந்தான், அதுவும் வலப்பக்கம் காத வச்சாத்தான் கேக்கு" என்றாள். நீட்டிய கடிதத்தை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சாரல் விழுந்தால் இளைக்கிறது என்று உனக்கு எழுதியவன் நான்தானே. ஊரில் யாருக்கு இளைத்தாலும் சாரல்தான் என்பார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன், ஒரே வீட்டில் இருந்தும் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுதியதற்குத்தான் நீ மருந்து எழுதினாய். தப்பு என்னுடையது.

இதைச் சண்முகசுந்தரியிடமும் சொல்லி அழுதேன். அவளோ, "அழாதீங்கப்பா, அடுத்த மாசம் பிள்ள நெஞ்சப் பாக்கணும்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லிருக்காவல்லா, அண்ணந்தான் பாக்கணும், லீவு போட்டுட்டு வரச் சொல்லுங்க" என்கிறாள். பிள்ளையும் தையலை மாமாவைத் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சட்டையை இழுத்து இழுத்து மூடிக்கொள்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. குற்றாலநாதர் உன்னைக் காப்பாற்றுவார். வரும்போது ஸ்டெதஸ்கோப்பை மறக்காமல் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் அப்பா
நமசிவாயம்