திறந்தே கிடந்த குளிர் அறைக் கதவு

என் அன்பு மகள் திர்சாவுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே மலையில் நான் சுகம், பிலடெல்பியாவில் அப்பா சுகம், கொசுக்கள் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீ அங்கே பெர்த்தின் குளிர்காலத்தில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். பிள்ளைகளின் கோடை முகாமில் இந்த வருடம் வேலை செய்பவர்களிடமிருந்தும் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் காகிதம். உன் கடிதம் வந்தது. புது வார்டு, சிடுசிடுக்கும் மூத்த நர்ஸ், குளிரில் விறைத்துப்போகும் உன் அறை, எல்லாம் எழுதிவிட்டு நடுவில் அக்டோபரில் விமான டிக்கெட் மலிவு என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த வரியை ஏன் எழுதினாய் என்று எனக்கு விளங்கவில்லை. வரப்போகிறாயா, வர முடியாது என்று வருத்தப்படுகிறாயா, நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்கிறாயா? முகாம் ஆபீஸ் போனில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். டிக்கெட் மலிவுன்னா மலிவுதான், அதுல என்னத்த தேடுறே என்றார். அவருக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர் அதையும் அப்படியேதான் எடுத்துக்கொண்டார், கொழுப்புன்னா கொழுப்புதான் என்று.

இந்த வருடமும் சமையலறையில் நம் யூத உணவு விதிகளைக் கண்காணிக்கும் வேலை எனக்குத்தான். பால் பாத்திரம் இறைச்சிப் பக்கம் போகாமல் பார்க்கிறேன், கீரையில் பூச்சி பார்க்கிறேன், காலையில் அடுப்பை என் கையால் பற்றவைக்கிறேன். மற்றபடி சமைப்பது, கழுவுவது, மூட்டை தூக்குவது எல்லாம் கீழே ஊரிலிருந்து வருகிற, யூதரல்லாதவர்கள். டார்லீனை உனக்கு மறந்திருக்காது. நீ இங்கே சின்னப் பெண்ணாகத் தங்கியபோது காதுவலி வந்து அழுதாயே, அப்போது உன் சூப்பில் மட்டும் நூடுல்ஸை அள்ளி அள்ளிப் போட்டவள். அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, தொடங்கிவிட்டேன்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை சபாத், அந்த ஓய்வுநாளில் நாம் விளக்கை ஏற்றவோ அணைக்கவோ மாட்டோம், நமக்காகத் தொடு என்று வேறு யாரிடமும் சொல்லவும் மாட்டோம், ஆனால் குறிப்பாக ஏதாவது பேசி வைப்போம், கேட்கிறவர் தானாகவே புரிந்துகொண்டு செய்வார். நம் வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரரை வைத்து இது நடந்திருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். டார்லீன் இதில் கைதேர்ந்தவள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே, சரி புளூமா, நாளைக்கு நீ எங்கிட்ட எதையெல்லாம் சொல்லப் போறதில்லைன்னு இப்பவே சொல்லிரு, குறிச்சுக்குறேன் என்பாள். நான் சிரிப்பேன். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் குளிர் அறையின் உள்பல்பைக் கழற்ற வேண்டியது என் வேலை. ஒரு பிள்ளையைக் குளவி கொட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் மறந்தே போய்விட்டது. சனிக்கிழமை காலையில் கதவருகே வந்த பிறகுதான் உறைத்தது, கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும், மூடினால் அணையும். அத்தனை பிள்ளைகளின் மதியச் சாப்பாடும் உள்ளே. டார்லீன் பக்கத்தில் நின்றாள். நான் என்ன சொன்னேன் என்று இந்த வாரம் முழுக்க எனக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். பல்பு உள்ளேயே இருக்கு, பிள்ளைங்க பசியோட வருவாங்க என்றேன். அது நிச்சயம். அதன் பிறகு, இந்தக் கதவு திறந்தே இருந்தா யாருக்கும் தொல்லையில்ல என்றேன். அதுவும் நிச்சயம். சாப்பாடு எடுக்கிற நேரம் வரைக்கும் என்று நினைத்துச் சொன்னேனா, நாள் முழுவதும் என்று நினைத்தேனா, அல்லது எதையும் நினைக்காமல் தரையைப் பார்த்துப் பேசினேனா, சத்தியமாகத் தெரியவில்லை. டார்லீன் தலையாட்டினாள், கதவைத் திறந்தாள், அது மூடாதபடி ஓர் உருளைக்கிழங்கு மூட்டையை முட்டுக்கொடுத்தாள். மதியப் பாத்திரங்களைக் கழுவி முடித்து வீட்டுக்குப் போனாள். கதவு அப்படியே இருந்தது.

இதற்கு மேல்தான் எனக்குக் கோபமே வருகிறது. அந்தக் கதவைப் பார்க்காத ஆள் முகாமில் இல்லை. பாட்டு சொல்லித்தரும் பையன்கள் பார்த்தார்கள், நீச்சல் வாத்தியார் பார்த்தார், முகாமை நடத்தும் மதகுரு ரபி நாஹூம் இரண்டு தடவை தாண்டிப் போனார். மூடினால் விளக்கு அணையும், ஆகவே யாரும் மூடவில்லை. வேண்டாம், குறை சொல்லவில்லை, நானும்தான் மூடவில்லை. மேசைவிரிப்பை எடுத்துத் திரைச்சீலை மாதிரி வாசலில் தொங்கவிட்டோம். மோட்டார் மாடு மாதிரி கத்திக்கொண்டே இருந்தது, நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து அன்பைப் பற்றிப் பாடினோம். வானத்தில் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லோரும் ஓடினோம். கோழியும் இறைச்சியும் மொத்தமாகக் கெட்டுப்போயிருந்தன. மறுநாள் பெற்றோர்கள் வரும் நாள். பெரிய பெரிய கார்களில் வந்து இறங்கியவர்களுக்கு டப்பா மீனும் ரொட்டியும் கொடுத்தோம். ஓர் அம்மா அந்த ரொட்டியைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இதுக்குத்தான் இவ்வளவு கட்டுறோமா என்று ரபியிடம் கேட்டாள். திங்கட்கிழமை காலையில் டார்லீனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ரபியிடம் போனேன். பல்பை மறந்தது நான், கதவைப் பற்றிப் பேசியதும் நான் என்றேன். அவர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். மறக்குறது மனுஷ சுபாவம் புளூமா, நீ அவகிட்ட செய்யின்னு சொல்லல, பொதுவா ஒரு விஷயத்தப் பேசினே, அதனால சபாத்தை நீ மீறல, உன் மேல குத்தமே இல்ல என்றார். எனக்கு மனம் லேசாகி எழுந்துவிட்டேன். படி இறங்கிய பிறகுதான் புரிந்தது, நான் சொல்லவில்லை என்றால் அவள் தன்னிஷ்டத்துக்குச் செய்ததாகிவிடுகிறது. என்னைக் கழுவின அதே தண்ணீரை அவள் தலையில் ஊற்றியிருக்கிறார், நானும் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சொன்னேன் என்று அடித்துச் சொன்னால் சபாத்தை மீறியவள் ஆவேன், அப்படிப்பட்டவளைக் கண்காணிப்பாளராக வைத்திருக்க மாட்டார்கள், என் வேலை போகும். சொல்லவில்லை என்றால் அவள் வேலை போகும். இதில் எது உண்மை என்றே எனக்குக் குழப்பம், எதைச் சொல்வேன்? உலகத்தைச் செப்பனிடுவோம் என்று முதுகில் அச்சடித்த நீலச் சட்டை இந்த வருடம் எல்லோருக்கும் கொடுத்தார்கள். டார்லீனுக்கும் கொடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். நாம் நோகடித்தவரிடம் நாமே நேரில் போய்த்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைக் கடவுள்கூட நமக்காகச் செய்ய மாட்டார், உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவள் வாசலில் நாற்காலி போட்டு, தைலம் தடவிய முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நீலச் சட்டையால் கார் கண்ணாடியைத் துடைத்துக் காயப்போட்டிருந்தாள். சமையலறை வெறிச்சோடிக் கிடக்கு டார்லீன், ஆள் இல்லாம பாத்திரம் குவிஞ்சு கெடக்கு, பிள்ளைங்க உன் சூப்பக் கேக்குதுங்க என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். ஏம்மா புளூமா, இன்னிக்கு புதன்கிழமைதானே, இன்னிக்குமா குறிப்பு? வாய்தான் இருக்குல்ல, நேரா பேசு என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கதவத் தொறந்தே வையின்னு நீ சொன்னியா இல்லியா, எனக்கு அதுமட்டும் தெரியணும், நாந்தான் கிறுக்குத்தனமா வெச்சுட்டேனோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கம் போச்சு என்றாள். அவளுக்கும் குழப்பம், திர்சா. என்னுடைய குழப்பத்தை அவள் தலைக்குள்ளும் நான் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். சொன்னேன் என்றேன். அந்த வார்த்தை சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்டது, அவளுக்கு அப்படிக் கேட்க வேண்டும் என்றுதானே நாம் அப்படிப் பேசுகிறோம்.

திரும்பி வந்து ரபியிடம் நின்றுகொண்டே சொன்னேன், தண்ணீர் வேண்டாம் என்றேன். நான்தான் அவளைத் திறந்துவைக்கச் சொன்னேன், அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் என்னையும் அனுப்புங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். சபாத் போகட்டும், பேசலாம் என்றார். அப்பாவிடம் ஆபீஸ் போனில் சொன்னேன். உன் வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கார் கண்ணாடி தொடைங்க என்றார். கொஞ்சநேரம் கழித்து, சரியாத்தான் செஞ்சிருக்கே என்றும் சொன்னார். அவருக்கு இரண்டுமே நிஜம்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பல்பைக் கழற்றியாகிவிட்டது, இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. சற்று முன் ரபி கதவருகே வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்து, நாளைக்குப் பாத்திரம் கழுவ ஆள் போதாது போலிருக்கே என்றார். ரபி, இன்னும் வெளிச்சம் இருக்கு, சபாத் பிறக்கல, நேராச் சொல்லுங்க என்றேன். அவர் ஜன்னல் வழியாக மலைமேல் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டார்லீன் நம்பர் குடு என்றார். கொடுத்தேன். ஆபீஸ் பக்கம் போனார். கூப்பிட்டாரா என்று தெரியாது. கூப்பிட்டாலும் அவள் வருவாளா என்று தெரியாது, நானாக இருந்தால் வர மாட்டேன். கீழே ரோட்டில் இன்னும் தூசி எதுவும் கிளம்பவில்லை.

சூரியன் இறங்குகிறது, இனி எழுதக் கூடாது. உனக்கு அங்கே சபாத் பிறந்து ஓர் இரவே போயிருக்கும். சபாத் மெழுகுவர்த்தி ஏற்றினாயோ இல்லையோ, கேட்கப் போவதில்லை. இங்கே நான் ஏற்றிய பிறகு வழக்கம்போல உன் தலைமேல் கை வைப்பதாக நினைத்து, கடவுள் உன்னைக் காக்க, உனக்கு அமைதி தர என்று இங்கிருந்தே சொல்வேன், குனிந்துகொள். காலில் கம்பளிச் சாக்ஸ் போடாமல் தூங்காதே. அந்த டிக்கெட் வரிக்கு என்ன அர்த்தம் என்று இனி நான் யோசிக்கப் போவதில்லை. என் பங்குக்கு நேராகவே எழுதிவிடுகிறேன்: அக்டோபரில் வீட்டுக்கு வா.

உன் அம்மா,
புளூமா