கழுத்தில் நகக் கீறல்

வீட்டு மகாராணிக்கு உன் புருஷன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே உன் முட்டுவலியும் முன்கோபமும் எப்படி இருக்கின்றன?

என் கழுத்தில் நகக் கீறல் இருக்கிறது. யாராவது வந்து சொல்லி நீ சாமியாடும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தீவைச் சுற்றி மீன் பார்க்க எங்கள் படகில் வந்த ஒரு பெரியம்மா, நீச்சல் கண்ணாடியும் மூச்சுவிடும் குழாயும் மாட்டிக்கொண்டு சிரித்தபடிதான் கடலில் இறங்கினார். உள்ளங்கை அளவு மீன் ஒன்று முகத்துக்கு நேரே வந்ததும் பதறிவிட்டார். முதுகுப் பக்கமாகப் போய்ப் பிடிக்க வேண்டியவன், அவசரத்தில் முன்னால் போய்விட்டேன். உடும்பு மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடித்தோம், அவ்வளவுதான். மிதவையை வீசி எங்களை இழுத்துப் போட்ட கைடு, "அண்ணே, காப்பாத்தப் போனீங்களா, கட்டிக்கப் போனீங்களா?" என்கிறான்.

சிரிக்காதே. தண்ணீருக்குள் மூச்சு முட்டியபோது உன் முகம்தான் வந்தது. அதுவும் கல்யாணப் போட்டோவில் இருக்கிற முகம். என்னிடம் இருப்பது அது ஒன்றுதானே.

கீறலுக்கு மருந்து போட்டாச்சு. இந்தப் பக்கம் யாராவது வந்தால் இரண்டு பனியன் கொடுத்துவிடு. கூடவே இப்போது எடுத்த உன் போட்டோ ஒன்று வை. தலை வாராவிட்டாலும் பரவாயில்லை. கல்யாணப் போட்டோவில் இருக்கிறவளுக்கு என்னைத் திட்டவே தெரியவில்லை.

படகில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.