நுரை வராத தாள்

8 ஜூலை, செவ்வாய்

இன்றும் அதே புகார். "பாய், உங்க சலவைத் தாள்ல நுரையே வரலையே!" வராது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? கேட்டரிங் நடத்தும் சரஸ்வதியம்மா ஒரு தாள் போட வேண்டிய மேசைத்துணிகளுக்கு நாலு போட்டு, மேலே சோப்புக் கட்டியும் தேய்க்கிறாராம். சோப்புத் திரவ பாட்டில் குப்பை குறையட்டும் என்றுதான் தண்ணீரில் கரைகிற இந்தத் தாள். அதையும் இப்படி அள்ளிப் போட்டால்?

எல்லாம் மகள் சாதியாவின் யோசனை. "டன்லப் தெருவுல நீங்கதான் முதல்ல விக்கணும் அத்தா." விற்றேன். மளிகைக் கடை வாசலில் போர்டும் மாட்டினேன்: 'பிளாஸ்டிக் இல்லாத சலவை'.

10 ஜூலை, வியாழன்

சிங்கப்பூரின் மறுகோடி, சுவா சூ காங் வீட்டிலிருந்து சாதியாவே போன். தாள் உதிராமல் பிடித்துவைக்கிற பசை இருக்கிறதே, அதுவும் ஒருவகை பிளாஸ்டிக்தானாம்.

"தண்ணில கரைஞ்சிடும் அத்தா. ஆனா கரையறது வேற, மக்கறது வேற. முழுசா மக்குதான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இதைப் போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?

11 ஜூலை, வெள்ளி

ஜூரோங்கிலிருந்து தாள் சரக்கு அனுப்புகிறவனைப் போனில் பிடித்தேன். "கரையுதுல்ல பாய்? அப்புறம் என்ன லா?"

சீனி கூடத்தான் டீயில் கரைகிறது. இல்லாமலா போகிறது?

14 ஜூலை, திங்கள்

சரஸ்வதியம்மா ஒரு கடிதத்தோடு வந்தார். பெரிய கம்பெனி ஒன்றின் மதியச் சாப்பாட்டு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறதாம். துணி வெளுப்பதில்கூட பிளாஸ்டிக் கிடையாது என்று சப்ளையர் எழுதித் தர வேண்டுமாம். சப்ளையர் — நான்.

"ஒரு சைன் தானே பாய்!"

"உறுதியாத் தெரியாதும்மா. எப்படிப் போடுறது?"

"ஊருக்கே போர்டு போட்டு வச்சிருக்கீங்க. எனக்கு மட்டும் கை வராதோ?"

கடிதத்தை மடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அரிசி, பருப்பு முதல் தட்டுமுட்டுச் சாமான் வரை என்னிடம் வாங்குகிறவர். இனி எல்லாம் அங்கேதான். அந்தக் கடைக்காரன் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவான்.

கோபம் அவர்மேல் இல்லை. சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

15 ஜூலை, செவ்வாய்

ஏணி போட்டு ஏறி, போர்டைக் கழற்றினேன்.

20 ஜூலை, ஞாயிறு

புது போர்டு. நான் சொல்லச் சொல்ல சாதியா எழுதினாள்:

'பாட்டில் இல்லை. ஒரு தாள் போதும். நுரை வராது. தாள் முழுசாக மக்குமா என்று எங்களுக்குத் தெரியாது.'

"இப்படி யாராச்சும் விளம்பரம் பண்ணுவாங்களா அத்தா?"

"நீ பேசாதே. ஒழுங்கா எழுது."

மதியம் முழுக்க தெருவில் போனவர்கள் நின்று போர்டைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

26 ஜூலை, சனி

சரஸ்வதியம்மா! கடைக்குள் நுழையாமல் போர்டைப் படித்துக்கொண்டே நின்றார்.

அடுத்த கடைக்காரன் கையெழுத்துப் போட்டானாம். தாளில் என்ன கலந்திருக்கிறது என்று கம்பெனியில் கேட்டதும் அவன் போனையே எடுக்கவில்லையாம்.

"உங்க போர்டைத்தான் படம் புடிச்சு அனுப்பப் போறேன். வேலை குடுத்தாக் குடுக்கட்டும்."

ஒரு பெட்டி எடுத்தார்.

"ஒரு தாள்தான் போடணுமா?"

"ஒண்ணே ஒண்ணு."

"நுரை?"

"வராது."

"சரி. அப்படியே ரெண்டு சோப்புக் கட்டி குடுங்க பாய்."

"சோப்பு இல்லம்மா" என்றேன்.

என் தலைக்குப் பின்னால் கூரை வரை அடுக்கி வைத்திருந்த சோப்புக் கட்டிகளை அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.