பூட்டிய ஆபீஸுக்குப் போன கடிதம்

சுங்கை லாலாங் தோட்டத்து இடுகாட்டில், வேலியோரம் படுத்திருக்கும் என் அப்பாவுக்கு,

நம் தோட்டத்தில் வீடு கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதப்பா. தரைவீடுகள், கடைவீடுகள், பின்பக்கம் மலிவு விலை அடுக்குமாடி. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பச்சை. ‘காவாசான் லாப்பாங்’ என்று எழுதியிருக்கிறார்கள். திறந்தவெளியாம். அங்கே ஆட்கள் புதைந்திருப்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை.

தோட்டத்து வாசலில் அறிவிப்புப் பலகை நட்டபோதே லயத்து வரிசைவீட்டு ஆட்கள் என்னிடம்தான் வந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் நகராண்மைக் கழகத்துக்கு எழுதலாம் என்று அதில் போட்டிருந்தது. கடைசி வீட்டு சரோஜா அக்கா என் கையில் பேனாவையே திணித்துவிட்டார்.

“படிச்ச புள்ள நீதான்லா எழுதணும். எங்களுக்குக் கையெழுத்துப் போடறதே பெரிய பாடு.”

நல்ல மலாயில் எழுதினேன் அப்பா. வீடு கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லயத்தை இடிக்கும் முன்பு எங்களுக்கு அந்த அடுக்குமாடியில் இடம் கொடுங்கள், இடுகாட்டைத் தொடாதீர்கள், இவ்வளவுதான் கேட்டோம். எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டார்கள்.

கடிதத்தின் மேலே அனுப்புநர் முகவரி எழுத வேண்டும் இல்லையா? என் கை தானாகத் தோட்டத்து ஆபீஸ் முகவரியை எழுதியது. லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் என்றைக்கு வந்தார்? நமக்கு வந்த கடிதமெல்லாம் ஆபீஸுக்குத்தானே வந்தது. என் பல்கலைக்கழகக் கடிதம் வருமா வருமா என்று கணக்கெழுதும் கிராணியின் ஜன்னலருகே தினமும் போய் நின்றீர்களே. வந்த அன்று மழை. நனையக் கூடாதென்று சட்டைக்குள் வைத்து, மோட்டார் சைக்கிளில் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி வந்தீர்கள்.

தோட்டம் கைமாறியதும் அந்த ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். வேலைக்குப் போகும்போது தினமும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

நேற்று நகராண்மைக் கழக முகப்பில் விசாரித்தேன். அங்கிருந்த மலாய் அக்கா கோப்பைப் புரட்டி, தன்மையாகத்தான் சொன்னார்.

“சூராட் டா ஹந்தார், டெக். தக் அட ஒராங் டத்தாங்.”

கடிதம் அனுப்பினோம், யாரும் வரவில்லை என்று. விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள் அப்பா. நாம் போகவில்லை. ஆட்சேபம் சொன்னவர்கள் வராததால் அதைத் தள்ளிவிட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் ஆபீஸின் உடைந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கதவிடுக்கில் போட்ட கடிதங்கள் தரையில் கிடந்தன. ஓர் உறையில் கழகத்தின் சின்னம். கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை.

நான் முகவரியைத் தப்பாக எழுதியது லயத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. கழகத்துக்காரர்கள்தான் நம்மை மதிக்கவில்லை என்று திட்டித் தீர்க்கிறார்கள். நான் சோர்ந்திருப்பதைப் பார்த்து சரோஜா அக்கா தேநீர் கொண்டுவந்தார்.

“நீ என்னா பண்ணுவேம்மா? நல்லாத்தான எழுதுன.”

அந்தத் தேநீரை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அப்பா. மண்வாரி இயந்திரம் வந்து உங்கள் மேல் ஏறும்போதும் நான் வாய்மூடித்தான் நிற்பேனா?

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயிலில் இருப்பார்கள். தப்பு என்னுடையது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வேன். திங்கட்கிழமை அந்த முகப்புக்குத் திரும்பப் போவேன். இன்னொரு தடவை எங்களைக் கூப்பிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பேன். மாட்டோம் என்றும் அவர்கள் சொல்லலாம். கூப்பிடுவதாகச் சொன்னால், கடிதத்தை எங்கும் அனுப்பாதீர்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பேன். அது கையில் வரும்வரை, நீங்கள் நின்றது போல, தினமும் போய் நிற்பேன்.

நீங்கள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்த கடிதத்தால் படித்த
உங்கள் மூத்த மகள்,
தேவி