வெள்ளிக்கிழமை மிளகாயைக் கழுவுகிறேன்

பிரிக்பீல்ட்ஸ்,
11-6-1944

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கிழங்கைத் தின்று சுகமாக இருக்கிறோம், குளுவாங்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கக் காளியாத்தா துணை, உன் மாமியாரின் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. மறுபடி ஒரு குழந்தைக்கு ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். மருத்துவச்சி ஹபீபா அக்காவிடம் படித்துக் காட்டினேன். எட்டு மாசந்தானே ஆச்சு, ஒடம்பு தேறட்டும், சித்திரை வரைக்கும் பொறுக்கச் சொல்லுலா என்றார். நெத்திலியும் முருங்கைக்கீரையும் விடாதே, முட்டை கிடைத்தால் ஒளித்து வைத்தாவது நீயே தின்னு. முதல் பிள்ளை ஏழாம் மாதம் பிறந்துவிட்டதால் அடுத்ததும் முந்தலாமாம், அதனால் ஐந்தாம் மாதமே என்னிடம் வந்துவிடு. இந்தத் தடவையும் உன் மாமியார் தடுத்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன். போன தடவை வளையலும் பலகாரமுமாக ரயிலேறி உன்னை அழைக்க வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, இவள அனுப்பிட்டா மரவள்ளிய யாரு புடுங்கறது என்று கேட்டாளே, அதை மறப்பேனா. நாலாம் நாள் அந்தக் கிழங்குப் பாத்தியிலேயே உனக்கு வலி கண்டது. சேதி கேட்டு நான் திரும்ப ஓடி வந்து, தலையணைப் பஞ்சைப் பிரித்துப் பிள்ளையைப் பொதிந்து வைத்தும் பதினோரு நாள்தான் இருந்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வீடு திரும்பிய முதல் செவ்வாய்க்கிழமை, மிச்சமிருந்த காய்ந்த மிளகாய் முழுவதையும் அரைத்து ரயில் பாதையோரக் காளியின் மேல் அப்பி, அந்தக் குடும்பம் விளங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கை எரிந்தது, மனசு குளிர்ந்தது. சண்டையில் இந்தியாவிலிருந்து வரும் கப்பல் நின்ற பிறகு காய்ந்த மிளகாய்க்கு எங்கே போவது, அப்பா எட்டு மாதமாகக் காரமில்லாத குழம்பு சாப்பிடுகிறார், காரணம் தெரியாது. உன் மாமியாருக்கு முட்டிவலி என்று நீ எழுதிய கடிதத்தை நாலு தடவை படித்து மகிழ்ந்தேன்.

இப்போது நீ பிள்ளை என்றதும் பூசாரி தம்புசாமியிடம் போய்க் கேட்டேன். அவர் தலையிலடித்துக்கொண்டார். குடும்பம் வெளங்கக் கூடாதுன்னு கேட்டுட்டு அதே குடும்பத்துக்குப் புள்ளையும் கேட்டா ஆத்தா எதைத்தாம்மா கொடுப்பா, முதல்ல கழுவி விடுங்க என்றார். ஆத்திரத்தில் அந்தக் குடும்பத்தில் நீயும் ஒருத்தி என்பதை மறந்துவிட்டேன் மகளே. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை இளநீர் ஊற்றிக் கழுவி, உன் வயிற்றுக்காக வேண்டிக்கொண்டு வருகிறேன். இப்போதெல்லாம் அத்தை வெந்நீர் வைத்துத் தருகிறார்கள் என்று நீ எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு எரிகிறது. உனக்காகத்தான் கழுவுகிறேன், அவளை மன்னித்துவிட்டதாக நினைக்காதே.

குவார்ட்டர்ஸ் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன். பழுத்ததைப் பறித்துக் காயப்போட்டு டின்னில் சேர்க்கிறேன், அப்பாவுக்குக்கூட ஒன்று கொடுப்பதில்லை. நீ பத்து மாதம் நிறைந்து பெற்றெடுத்து, பிள்ளை தவழட்டும், அதுவரை டின் மூடியே இருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் நிறைந்த மடியோடு நீண்ட நாள் வாழ வேண்டும். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. மறக்காமல் உன் மாமியாரின் முழுப் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுது, அம்மா அர்ச்சனை செய்யக் கேட்கிறாள் என்று சொல். அடுத்த தடவை அவளைத் தவிர யார் மேலும் படக்கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
இராஜம்மா